கறுப்பிலிருந்து வெளிச்சத்தைச் செதுக்கியவர்: எரிக் ரவிலியஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த எரிக் ரவிலியஸ்? நான் கேள்விப்பட்டதே இல்லையே?

இங்கிலாந்தின் மரச்செதுக்குக் கலைஞர், நீர்வண்ண ஓவியர், வடிவமைப்பாளர். 1903 ஜூலை 22 அன்று லண்டனின் ஆக்டன் பகுதியில் பிறந்தார். 1942 செப்டம்பர் 2 அன்று ஐஸ்லாந்துக்கு அப்பால் கடல்மேல் பறந்த விமானத்தோடு காணாமல்போனார். அப்போது வயது 39. இடைப்பட்ட சுமார் பதினேழு ஆண்டு உழைப்பில் நானூறுக்கு மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களையும், நீர்வண்ண ஓவியங்களையும், கல்லச்சு (லித்தோகிராஃப்) படங்களையும், பீங்கான் கோப்பைகளுக்கான வடிவங்களையும் விட்டுச் சென்றார்.

பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய கைவேலை உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். கிரிக்கெட் பிரியர்கள் வேதநூல் போலப் போற்றும் விஸ்டன் ஆண்டு மலரை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் அட்டையில் உயரத் தொப்பி அணிந்த ஒருவர் மட்டையோடு நிற்பார், அவருக்குப் பின்னால் விக்கெட் கீப்பர். அந்தச் சிறிய படம் ரவிலியஸ் செதுக்கியது. எழுத்துரு வடிவமைப்பாளர் ராபர்ட் ஹார்லிங் விஸ்டனின் தோற்றத்தைப் புதுப்பித்தபோது, 1938 மலரில் முதன்முதலாக அட்டையேறியது. 2003-இல் அட்டைக்குப் புகைப்படம் வந்த பிறகு இடம் சுருங்கினாலும் இன்றும் அட்டையை விட்டு இறங்கவில்லை.

மரச்செதுக்கு என்றால் என்ன? நம் கோயில் தேரில் இருக்கும் சிற்ப வேலை போன்றதா?

இல்லை. தேர்ச் சிற்பத்தில் மரமே படைப்பு. இங்கே மரம் அச்சுக்கட்டை மட்டும்தான். அதில் மை தடவித் தாளில் ஒற்றி எடுக்கும் படம்தான் படைப்பு.

மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையில் கத்தியால் வெட்டி அச்சிடும் முறை பழையது. சீனாவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகளாக இருந்தது அதுதான். பலகையில் மரத்தின் நார் ஓடும் திசை இருக்கும். அதற்குக் குறுக்கே மெல்லிய கோடு இழுத்தால் விளிம்பு பிய்ந்துவிடும். ரவிலியஸ் பயன்படுத்திய முறையில் மரத்தைக் குறுக்கே அறுத்து, ஆண்டு வளையம் தெரியும் முகத்தை வழவழப்பாக இழைப்பார்கள். அந்த முகத்தில் நார் எதிர்க்காது, எந்தத் திசையிலும் மயிரிழைக் கோடு இழுக்கலாம். இதற்கு வயிரம் பாய்ந்த, மிக மெதுவாக வளரும் மரம் வேண்டும். பாக்ஸ்வுட் மரம்தான் அவர்களின் முதல் தேர்வு. அது பருக்காத மரம் என்பதால் கட்டைகளும் சிறியவை. பெரிய படம் வேண்டுமென்றால் துண்டுகளை ஒட்டித்தான் சேர்க்க வேண்டும். பல மரச்செதுக்குப் படங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முறையை ஒரு கலையாக நிலைநிறுத்தியவர் வடக்கு இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த தாமஸ் பெவிக், 1753 முதல் 1828 வரை வாழ்ந்தவர். பறவைகளையும் விலங்குகளையும் அவர் செதுக்கியதைப் பார்த்தால் இறகின் மென்மை விரலில் படுவதுபோல் இருக்கும். ரவிலியஸ் அவரைக் குருவாகவே கொண்டார்.

எப்படிச் செதுக்குவார்கள்?

கட்டையின் முகத்தில் முதலில் கறுப்பு மை பூசிவிடுவார்கள். மணல் அடைத்த தோல் திண்டின்மேல் கட்டையை வைத்து, வலக்கையில் சிற்றுளியைப் பிடிப்பார்கள். வளைந்த கோடு வேண்டும்போது உளி பெரும்பாலும் அசையாது, இடக்கைதான் கட்டையைத் திருப்பித் தரும். சுழலும் சக்கரத்தில் குயவர் கை நிலைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. உளி பட்ட இடம் பள்ளமாகும், பள்ளத்தில் மை ஒட்டாது, அச்சில் அந்த இடம் வெள்ளையாக வரும். பென்சிலால் வரைபவர் வெள்ளைத் தாளில் இருட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறார். மரச்செதுக்காளர் முழு இருட்டில் தொடங்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுக்கிறார். தொடாமல் விட்ட இடமெல்லாம் இரவு. தோண்டியதைத் திரும்ப வைக்க முடியாது. கை தவறினால் அந்த இடத்தில் துளையிட்டு ஒரு மரத்துண்டை அடைத்து மறுபடி செதுக்கலாம், ஆனால் அது தலைவலி பிடித்த வேலை. படம் இடவலம் மாறி அச்சாகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே செதுக்க வேண்டும்.

ஈய எழுத்தின் உயரத்துக்கே கட்டையை அறுத்திருப்பார்கள். அதனால் எழுத்துக் கோத்த அதே சட்டத்தில் படத்தையும் வைத்துப் பூட்டி ஒரே ஓட்டத்தில் அச்சிடலாம். பழைய அச்சுக்கூடங்களில் எழுத்துகளுக்கு நடுவே படத்துக்கான ‘பிளாக்’ என்னும் அச்சுக்கட்டையை வைத்துப் பூட்டியதைப் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

புகைப்படம் வந்த பிறகும் ஏன் இவ்வளவு சிரமப்பட்டார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரச்செதுக்கு ஒரு கூலித்தொழில். பத்திரிகைக்கு ஓவியர் வரைந்து கொடுப்பார், அதைக் கட்டையில் அப்படியே வெட்டித் தருவதற்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள். நூற்றாண்டின் இறுதியில் புகைப்பட முறையில் பிளாக் எடுக்கும் வழி வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. தொழில் செத்ததால் கலை பிழைத்தது என்று எனக்குத் தோன்றும். இனி எவருக்காகவும் நகலெடுக்க வேண்டியதில்லை என்று ஆனதும், ஓவியர்களே உளியைக் கையில் எடுத்துத் தங்கள் படத்தைத் தாங்களே செதுக்கத் தொடங்கினார்கள். 1920-இல் மரச்செதுக்காளர் சங்கம் தோன்றியது. குவென் ராவரட், ராபர்ட் கிப்பிங்ஸ், நோயல் ரூக், எரிக் கில் போன்றவர்கள் அதன் தொடக்கக்கால உறுப்பினர்கள். ரவிலியஸ் அந்த அலையின் இரண்டாம் வரிசையில் வந்தவர்.

அவருடைய படிப்பு?

தந்தை கடை வைத்திருந்தவர். குடும்பம் தென்கரையிலுள்ள ஈஸ்ட்போர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஊர்க் கலைப்பள்ளியில் 1919-இல் சேர்ந்தார், 1922-இல் உதவித்தொகை பெற்று லண்டனின் ராயல் கலைக்கல்லூரிக்குப் போனார். அங்கே கிடைத்த நண்பர் எட்வர்ட் பாடன். கடைசிவரை நீடித்த நட்பு அது. ஆசிரியராக வந்தவர் ஓவியர் பால் நாஷ். அந்த வகுப்பின் மாணவர்களைத் திறமையின் திடீர்ப் பெருக்கு என்ற பொருளில் நாஷ் பின்னாளில் பாராட்டினார். ரவிலியஸை மரச்செதுக்காளர் சங்கத்துக்கு முன்மொழிந்தவரும் அவரே.

எப்போதும் சீட்டியடித்துக்கொண்டு திரியும் இளைஞர், நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பையன்’. கலைஞன் என்றால் சோகமும் தாடியும் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.

செதுக்காளர் எப்போது ஓவியர் ஆனார்?

என் பார்வையில் அவர் செதுக்காளராக இருப்பதை நிறுத்தவே இல்லை. உளி இருந்த இடத்தில் தூரிகை வந்தது, அவ்வளவுதான்.

எண்ணெய் வண்ணம் அவருக்குப் பிடிக்கவில்லை. பற்பசையைக் குழைப்பதுபோல் இருக்கிறதென்று சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நீர்வண்ணத்தை எடுத்துக்கொண்டார், ஆனால் வழக்கமான ஆங்கிலேய நீர்வண்ணக்காரர்களைப்போல ஈரத்தில் ஈரம் கலந்து மேகம் வழியவிடவில்லை. கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மெல்லிய கோடுகளை அருகருகே இழுத்தார். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே வெள்ளைத் தாளை அப்படியே விட்டார். வயல், கூரை, வானம் எல்லாம் இந்த இழைகளால் நெய்ததுபோல் இருக்கும். அவருடைய நீர்வண்ண ஓவியங்களில் தெரியும் அந்த வெளிறிய, சற்றுக் குளிர்ந்த வெளிச்சம் வெள்ளைச் சாயத்தால் வந்ததில்லை, தாளிலிருந்து வருகிறது. கட்டையில் வெளிச்சத்தைத் தோண்டினார், தாளில் வெளிச்சத்தைத் தொடாமல் காத்தார். கை ஒன்றுதான்.

1934 முதல் சசெக்ஸின் சவுத் டவுன்ஸ் குன்றுகளுக்கிடையே ஓவியர் பெகி ஆங்கஸ் தங்கியிருந்த ஃபர்லாங்ஸ் என்னும் குடிலுக்கு அடிக்கடி போனார். அங்கே இருப்பது சுண்ணாம்புக் குன்று, அதன்மேல் மெல்லிய புல் போர்வை. புல்லைக் கீறினால் வெள்ளை தெரியும் நிலம். மரச்செதுக்காளர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான நாடு கிடைக்குமா? அந்த நிலம் தன் ஓவியப் போக்கையே மாற்றியதென்று அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தக் குன்றுகளில் பெரிய வெள்ளை உருவங்கள் வரைந்திருக்கிறாரே, அவை கற்பனையா?

உண்மையானவை. தென் இங்கிலாந்தில் புல்லை அகற்றி, அடியிலுள்ள வெண்மையை வெளிக்காட்டி, குன்றின் சரிவில் குதிரைகளையும் மனித உருவங்களையும் அமைத்திருக்கிறார்கள். அஃபிங்டன் குதிரை ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு பழமையானது. வெஸ்ட்பரி குதிரையின் இன்றைய வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வில்மிங்டனில் இரு கைகளிலும் நீண்ட கழிகளைப் பிடித்து நிற்கும் மனிதனின் உயரம் சுமார் 72 மீட்டர்.

1939-இல் ரவிலியஸ் இவற்றை வரிசையாக வரைந்தார். வில்மிங்டன் மனிதனை நேராகக் காட்டவில்லை. முன்னால் வயலும் முள்வேலியும் நிற்க, வேலிக்கு அப்பால் அவன் தெரிகிறான். போர் மூண்டதும் எதிரி விமானங்களுக்கு வழிகாட்டும் அடையாளமாகிவிடக் கூடாதென்று அவனைப் பச்சை பூசி மறைத்துவிட்டார்கள்.

அவர் ஓவியங்களில் மனிதர்களே இல்லையே, ஏன்? தன் மரணத்தை முன்கூட்டி உணர்ந்தாரா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் கேள்வியும் இதுவே.

காலி நாற்காலிகள், ஆள் இல்லாத கட்டில், மேசையில் தேநீர்க் கோப்பைகள் எடுத்து வைத்திருந்தும் ஒருவரும் உட்காராத தோட்டம் எல்லாம் இருப்பது உண்மைதான். ‘ஃபர்லாங்ஸில் தேநீர்’ 1939-இல் வரைந்தது. ஓவியர் மூன்று ஆண்டில் கடலில் மறைந்தார் என்று தெரிந்தபின் பார்த்தால், எல்லா நாற்காலியும் அவருக்காகக் காத்திருப்பதுபோல்தான் தோன்றும். அது நம் நினைப்பு. வரைந்தபோது அவர் அடுத்த கண்காட்சியையும் வீட்டுச் செலவையும் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர்.

மனிதர் படத்துக்குள் நுழைந்தால் கண் உடனே முகத்தைத் தேடிப் போகும், மற்றதெல்லாம் பின்னணியாகிவிடும். ரவிலியஸுக்கு வேலியும் உழுகருவியும் தண்ணீர்ச் சக்கரமும் முகத்துக்குச் சமமானவை. 1935-இல் வரைந்த கண்ணாடிக் குடிலில் தொட்டிச் செடிகள் வரிசையாக நிற்கின்றன, தலைக்கு மேல் தக்காளி தொங்குகிறது, நடுவே பாதை கதவு கதவாகத் திறந்துகொண்டே போகிறது. அங்கே ஒரு தோட்டக்காரரை நிறுத்திப் பாருங்கள், படம் செத்துவிடும். எதை எடுத்துவிடலாம் என்று யோசிப்பது செதுக்காளரின் அன்றாட வேலை.

ஓவியம் விற்றுப் பிழைத்தாரா?

1933, 1936, 1939 ஆகிய ஆண்டுகளில் லண்டனில் தனிக் கண்காட்சிகள் நடத்தினார். ஆனால் அடுப்பெரித்ததில் பெரும்பங்கு மற்ற வேலைகளுக்குத்தான். கலைப்பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர். கோல்டன் காக்கரல், நான்சச் போன்ற சிறு பதிப்பகங்களுக்கு நூல் படங்கள். லண்டன் போக்குவரத்துக் கழகத்துக்கு விளம்பரங்கள். கண்ணாடிப் பாத்திரம், மேசை நாற்காலி எதையும் ஒதுக்கவில்லை.

சுவர் ஓவியங்களில் அவருக்கு ராசி இல்லை. லண்டன் மோர்லி கல்லூரியில் பாடனோடு சேர்ந்து 1928 முதல் 1930 வரை வரைந்ததைக் குண்டுவீச்சு அழித்தது. மோர்காம்பின் மிட்லண்ட் ஹோட்டல் சுவரில் 1933-இல் மனைவியோடு சேர்ந்து வரைந்ததை ஈரம் தின்றது.

பீங்கான் பக்கம் ஒரு வேடிக்கை நடந்தது. எட்டாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கென்று வெட்ஜ்வுட் நிறுவனத்துக்கு ஒரு கோப்பையை வடிவமைத்தார். வாணவேடிக்கை தெறிக்கும் அழகான கோப்பை. மன்னர் 1936 டிசம்பரில் முடியைத் துறந்துவிட்டார். கோப்பை வீணாகவில்லை. எழுத்தை மாற்றி 1937-இல் ஆறாம் ஜார்ஜுக்குப் பயன்படுத்தினார்கள், வடிவமைத்தவர் மறைந்து பதினொரு ஆண்டு கழித்து 1953-இல் இரண்டாம் எலிசபெத்துக்கும் அதே வடிவம் போனது. ஒரே வாணவேடிக்கை, மூன்று அரசர்கள்.

1938-இல் வந்த ‘ஹை ஸ்ட்ரீட்’ நூலைத் தவறவிடாதீர்கள். கடைகளின் முகப்புகளை 24 கல்லச்சுப் படங்களாக வரைந்தார், உரை ஜே. எம். ரிச்சர்ட்ஸ். வெடிக்கடை, சவப்பெட்டிக்காரர் கடை, கடலுக்குள் மூழ்குவோருக்கான உடை விற்கும் கடை என்று ஒரு கடைவீதியே இருக்கிறது. அச்சுத்தட்டுகள் போரில் அழிந்ததால் அதே தட்டுகளிலிருந்து மறுபடி அச்சிட வழியில்லாமல் போனது. அசல் பிரதி இன்று சேகரிப்பாளர்களின் கனவு.

மனைவியும் ஓவியராமே?

டெர்சா கார்வுட். ஈஸ்ட்போர்னில் அவரிடம் மரச்செதுக்குப் பயின்ற மாணவி, 1930-இல் திருமணம். செதுக்கலில் கணவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை, நகைச்சுவையில் ஒரு படி மேல். கணவர் மனிதர்களைப் படத்திலிருந்து வெளியேற்றினார் என்றால், டெர்சா அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்துக் கிண்டல் செய்தார். எசெக்ஸின் கிரேட் பார்ட்ஃபீல்டிலும் பிறகு காசில் ஹெடிங்ஹாமிலும் குடித்தனம், மூன்று பிள்ளைகள். வீட்டுப்பொறுப்பு ஏறியதும் உளி கீழே இறங்கியது. பிறகு நூலட்டைகளுக்கான மையிழைத் தாள்கள், அதாவது மிதக்கும் வண்ணத்தை ஒற்றி எடுக்கும் பளிங்குக் கோலத் தாள்கள், செய்து பேர்பெற்றார். ரவிலியஸுக்கு வேறு பெண்களோடு உறவு இருந்ததும், அதை டெர்சா தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியதும் தெரிந்த செய்திகள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகி 1951-இல் மறைந்தார். அவருக்கென்று லண்டனின் டல்விச் ஓவியக்கூடம் பெரிய கண்காட்சி வைத்தது 2024-இல்தான். தாமதம் என்று சொன்னால் போதாது.

போர்க்காலத்தில் என்ன செய்தார்?

1939 இறுதியில் அரசின் அதிகாரபூர்வப் போர் ஓவியராக நியமனம் பெற்றார், கடற்படைக் காலாட்பிரிவின் கௌரவ கேப்டன் பதவியோடு. 1940-இல் ஹைலாண்டர் என்னும் நாசகாரிக் கப்பலில் நார்வேப் பக்கம் போய், குளோரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஆர்க்டிக் வெளிச்சத்தில் வரைந்தார். குளோரியஸ் அந்த ஜூன் 8-இல் ஜெர்மானியப் போர்க்கப்பல்களால் மூழ்கடிக்கப்பட்டது. 1,500-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஓவியத்தில் கப்பல் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

நீர்மூழ்கிக் கப்பல்களின் உட்புறத்தைக் கல்லச்சுத் தொடராக்கினார். 1942-இல் விமானத் தளங்களை வரைந்தார். போரை அழகாக்கிவிட்டார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. இரத்தம் அவர் தாளில் இல்லை. போர் இயந்திரங்களையும் அவர் உழுகருவியைப் பார்த்த கண்ணாலேயே பார்த்தார்.

எப்படி இறந்தார்?

வடக்கின் பனியும் வெளிச்சமும் அவரை இழுத்தன. கேட்டு வாங்கித்தான் ஐஸ்லாந்து போனார், 1942 ஆகஸ்ட் இறுதியில். கால்டாதார்னெஸ் விமானத் தளத்தை அவர் அடைந்தபோது ஒரு ஹட்சன் விமானம் திரும்பி வரவில்லை. செப்டம்பர் 2 அதிகாலை அதைத் தேடி மூன்று விமானங்கள் கிளம்பின, ஒன்றில் ரவிலியஸ் ஏறிக்கொண்டார். அந்த விமானமும் திரும்பவில்லை. அவரோடு நான்கு விமானப் படையினர். உடல் கிடைக்கவில்லை. சேத்தம் கடற்படை நினைவுத்தூணில் பெயர் இருக்கிறது.

பிறகு ஏன் மறந்தார்கள், எப்படி நினைவுக்கு வந்தார்?

போருக்குப் பின் நவீன ஓவியத்தின் காற்று வேறு பக்கம் அடித்தது. வேலியும் குன்றும் வரைபவர் பழைய ஆளாகத் தெரிந்தார். பல ஓவியங்கள் பாடனின் வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தன, 1970-களில் ரவிலியஸின் பிள்ளைகள் அவற்றை மீட்டார்கள். ஈஸ்ட்போர்னின் டவுனர் கலைக்கூடத்தில் இன்று பெருந்தொகுப்பு இருக்கிறது. 2015-இல் டல்விச்சில் நடந்த கண்காட்சியோடு பரவலான புகழ் வந்துவிட்டது. ஓவியர் இறந்து எழுபது ஆண்டு கடந்ததால் 2012 முடிவோடு பிரிட்டனில் காப்புரிமை காலாவதியானது, வாழ்த்து அட்டை முதல் பாத்திரம் துடைக்கும் துண்டு வரை எல்லாவற்றிலும் ஏறிவிட்டார். கோப்பைக்கும் விளம்பரத்துக்கும் கூச்சமில்லாமல் வேலை செய்தவருக்கு இது அவமானமாகத் தோன்றியிருக்காது.

நானும் செதுக்கிப் பார்க்க விரும்புகிறேன். முடியுமா?

பாக்ஸ்வுட் கட்டை விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் லினோ (லினோலியம்) என்னும் மென்மையான தகட்டில் தொடங்குங்கள். மையை உருளையால் தடவி, மேலே தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும், இயந்திரம் வேண்டாம். விரலை உளிக்கு முன்னால் வைக்காதீர்கள்.

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

அபர்தீன் கலைக்கூடத்தில் உள்ள ‘ரயில் நிலக்காட்சி’, 1940. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் உள்பக்கம். இருக்கைத் துணியின் நெசவு ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. கதவில் 3 என்ற எண். ஜன்னல் பட்டி தொங்குகிறது. வெளியே, தொலைவில், வெஸ்ட்பரி வெள்ளைக் குதிரை. பெட்டியில் ஒருவரும் இல்லை.

ரவிலியஸுக்குத் திருப்தி தராத இரண்டு ஓவியங்களை வெட்டி ஒட்டி இந்தப் படத்தை உருவாக்கியவர் டெர்சா. பார்த்து முடித்ததும் டெர்சா 1929-இல் செதுக்கிய ‘ரயில் பயணம்’ படத்தையும் தேடிப் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பெட்டியில் ஆட்கள் இருக்கிறார்கள்.